காலைக் கணக்கில் குறைந்த 2048

1. ஆறு எண்

எனக்கு எழுத்து கம்மி. எண் கம்மி இல்லை. ராகியும் சாமையும் மிளகும் சந்தைக்குக் கொண்டுபோய் முப்பது வருசம் அளந்து விற்றவள் நான். என் எதிரில் நின்று ஒரு படியை மாற்றிச் சொன்ன வியாபாரி கிடையாது. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் போன பிறகு ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். வாசலூர்பட்டிக்குப் போகிற ரோட்டில், ஓட்டுக் கட்டடம். மலைக்காரர்களுக்கு நிலப் பட்டா வாங்கித் தருவதற்காகக் கீழே இருந்து வந்த ஒரு அறக்கட்டளையின் ஆபீசு. கூட்டுவது, தண்ணி வைப்பது, டீ போடுவது என் வேலை. ஆயா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன். அங்கம்மா என்று பேர் இருக்கிறதே.

சேர்ந்த அன்றைக்குத்தான் கம்ப்யூட்டரும் வந்தது. யாரோ பழசைத் தானமாகக் கொடுத்தது. லாரியில் மலை ரோட்டின் எழுபது வளைவும் குலுங்கி ஏறி வந்ததில், ஸ்விட்ச் போட்டால் கீச்சென்று கத்தியது, எழுந்திருக்கவில்லை. நாமக்கல்லில் இருந்து வந்த சர்வீஸ்காரர் மூடியைக் கழற்றி, ஒரு பச்சைத் தகட்டை விரலால் அழுத்தி உட்கார வைத்தார். மெமரி கழன்றுவிட்டது என்றார். மறுபடி கழன்றாலும் கழலும், தினமும் காலையில் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெமரி என்றால் என்ன என்று முருகேசனைக் கேட்டேன். முருகேசன்தான் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறவர். அடிவாரத்து விவசாயக் குடும்பம், முப்பது வயசு தாண்டியவர், தினமும் முதல் பஸ்ஸில் மேலே ஏறி வருவார். அவர் சொன்னது இது: தானியத்தைக் கொட்டிப் பரப்ப நமக்குக் களம் வேண்டும் இல்லையா, அதுமாதிரி மெஷின் வேலை செய்யச் சாமான் பரப்பி வைக்கிற களம்தான் மெமரி. கரண்ட் போனால் களம் காலி. எடுத்து வைக்கிற குதிர் வேறே, அதற்குப் பேர் ஹார்டு டிஸ்க்.

பஸ் வருவதற்குள் ஆபீசைத் திறப்பது நான் என்பதால், ஸ்விட்ச் போடுவதும் என் வேலை ஆகிவிட்டது. மலை ஈரத்துக்கு மெஷினைக் கொஞ்ச நேரம் சூடாக்க வேண்டும். போட்டதும் மெஷின் தன்னையே ஒருமுறை அளந்துகொண்டு, சில வரிகள் இங்கிலீசில் காட்டும்படி முருகேசன் செய்து வைத்திருந்தார். கடைசிக்கு முந்தின வரியில் ஆறு எண் வரும். 655360. மெஷினுக்கு இருக்கிற களம் அவ்வளவு. அதை நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும். சனிக்கிழமை முருகேசன் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

இங்கிலீசு வரி எனக்குத் தெரியாது. அந்த ஆறு எண்ணை மட்டும் முகம் தெரிகிற மாதிரி தெரியும். ஒரு நாள் தவறாமல் எழுதினேன்.

2. நல்லம்மாவின் கொல்லை

ஆபீசில் நடந்த வேலையைச் சொல்ல வேண்டும்.

மலையில் யாரிடமும் பத்திரம் கிடையாது. எந்தக் கொல்லையை யார் உழுகிறார் என்பது ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆபீசு ஆட்கள் கொல்லை கொல்லையாக நடந்தார்கள். கிழக்கே பாறை, மேற்கே பலாமரம், தெற்கே ஓடை என்று எல்லையைக் கேட்டு, எத்தனை தலைமுறையாக உழுகிறார்கள் என்று பக்கத்துக் கொல்லைக்காரர் வாயால் கேட்டு எழுதி, அவர் கைநாட்டையும் வாங்கி வந்தார்கள். ஒரு கொல்லைக்கு ஒரு தாள். அந்தத் தாள்களை முருகேசன் மெஷினில் ஏற்றினார். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. தேவனூர் நாடு முதலில், குண்டூர் நாடு அடுத்து. பங்குனிக்குள் விசாரணைக்கு ஒரு அதிகாரி வருவார், அவரிடம் இந்தப் பட்டியலைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் அதை வைத்து அளப்பார்கள் என்று பேச்சு.

குண்டூர் நாட்டில் என் தங்கை நல்லம்மாவுக்கு ரெண்டு ஏக்கர் கொல்லை. அவள் வீட்டுக்காரரும் போய்விட்டார், ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். கொல்லையில் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி, ஓரத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மேட்டில் சாமை. அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். மலைக்குக் கீழே இருந்து வந்து மேல்பக்கம் காப்பி வைத்த ஒரு கீழ்நாட்டுக்காரர், நல்லம்மா புருசன் தனக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று ஒரு காகிதத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

நல்லம்மாவுக்குச் சாட்சி சடையன் பெரியப்பன். பக்கத்துக் கொல்லைக்காரர். கண் மங்கிய மனுசன், ஆனால் எல்லைக்கல் ஒவ்வொன்றையும் காலால் தடவிக் காட்டினார். அந்தக் காகிதத்தில் இருக்கிற கைநாட்டுத் தேதியில் நல்லம்மா புருசன் காய்ச்சலில் தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கவில்லை, நான்தான் கஞ்சி கொண்டு கொடுத்தேன் என்று சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

முருகேசன் அதை டைப் அடித்த அன்றைக்கு நல்லம்மா கிழங்கு கொடுக்க ஆபீசுக்கு வந்திருந்தாள். திரையைக் காட்டி, இதில்தான் உங்கள் கொல்லை இருக்கிறது என்றார். அவள் கும்பிட்டாள். எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

"அக்கா, இது நல்ல பெட்டிதானே? ஓட்டை உடைசல் இல்லையே?" என்றாள்.

"தெனமும் காலையில நான்தான் எண்ணிப் பாக்கறேன். ஒண்ணும் கொறையாது" என்றேன்.

3. ஆயுத பூசை

தேவனூர் நாட்டுப் பட்டியலைப் பிரிண்ட் போட, அதை ஃபிளாப்பி என்கிற கையகலத் தகட்டில் ஏற்றி நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார் முருகேசன். ஆபீசுப் பிரிண்டரில் பாதி எழுத்து விழாது. அங்கே ஒரு கடையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஃபிளாப்பியைத் திரும்ப, ஃபிளாப்பிகள் வைக்கிற பெட்டியில் வைத்தார். பூஞ்சை பிடிக்காமல் இருக்க அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டே இருக்கும்.

அடுத்த வாரம் ஆயுத பூசை. எல்லாரும் பொரி வாங்கிக்கொண்டு மத்தியானமே போய்விட்டார்கள். மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஃபிளாப்பிகளுக்கும் ஆளுக்கு ஒரு பொட்டு. எல்லாம் முடிந்து கதவைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தேன். ஃபிளாப்பி போடுகிற வாய் வெறுமனே திறந்து கிடந்தது.

எங்களில் படியை வெறுமனே வைக்க மாட்டோம். அளந்து முடித்தால் ஒரு பிடி தானியமாவது அதில் கிடக்க வேண்டும். பண்டிகை நாளில் கேட்கவே வேண்டாம். வெறும் படியைப் பார்த்துவிட்டு யாரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். எனக்கு அந்த வாயைப் பார்த்ததும் அதுதான் தோன்றியது. பெட்டியில் மேலாக இருந்த ஃபிளாப்பி ஒன்றை எடுத்து, முருகேசன் போடுகிற மாதிரியே உள்ளே தள்ளி வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனேன். மேலாக இருந்தது நாமக்கல் போய் வந்த ஃபிளாப்பி.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து ஸ்விட்ச் போட்டேன். மெஷின் ஃபிளாப்பி பக்கம் கர் கர் என்று சத்தம் போட்டது. வழக்கமான வரிகள் வரவில்லை. இங்கிலீசில் ஏதோ ஒன்று வந்து அப்படியே நின்றுவிட்டது. ஃபிளாப்பியை வைத்தது ஞாபகம் வந்தது. வெளியே எடுத்தேன். ஸ்விட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். எழுந்துகொண்டது. ஃபிளாப்பியைத் துடைத்துப் பெட்டியில் அது இருந்த இடத்திலேயே வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

நோட்டை எடுத்தேன். கடைசிக்கு முந்தின வரி.

653312.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். அதை எழுதினேன்.

4. குறைச்சல்

முருகேசன் வந்ததும் சொன்னேன். எண் மாறியிருக்கிறது என்று சொன்னேன். ஃபிளாப்பியைப் பற்றிச் சொல்லவில்லை. முதலில் சின்ன விசயம் என்று நினைத்தேன். அப்புறம், மெஷினுக்குப் படி மாதிரி தானியம் வைத்தாளாம் என்று ஆபீசே சிரிக்கும் என்று நினைத்தேன். ரெண்டாவது நினைப்புத்தான் நிஜம்.

முருகேசன் முட்டாள் இல்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார். மெமரித் தகடு கழன்றால் எண் பாதியாக விழும், இது வெறும் ரெண்டாயிரத்து நாற்பத்தெட்டு, இதனால் ஒன்றும் ஆகாது என்றார். ஆறரை லட்சத்தில் ரெண்டாயிரம் என்றால் ஒரு பக்கம் கடுதாசி எழுதுகிற இடம்தானாம்.

மறுநாளும் அதே எண். அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் பார்த்துவிட்டு மறுபடி போய் நின்றேன்.

"தம்பி, மூட்டையில ஓட்டையின்னா ஒரு நா ஒரு படி கொறையும், இன்னொரு நா ரெண்டு படி கொறையும். தெனமும் ஒரே அளவு கொறையுதுன்னா ஓட்டை இல்ல. படிக்கு அடியில புளிய ஒட்டி வெச்சு அளக்கறான்னு அர்த்தம். உள்ள எவனோ ஒட்டிக்கிட்டு இருக்கறான்."

முருகேசன் சிரித்துவிட்டார். செயலாளர் அப்போது உள்ளே இருந்தார். அறக்கட்டளைக்குச் செயலாளர், நாமக்கல்லில் கிளார்க்காக இருந்து ரிட்டயர்டு ஆனவர். அவரும் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அங்கம்மா, மெஷினுக்குள்ள வெக்கறதுக்குப் புளி எங்கீங்க வாங்குனான், செம்மேட்டுச் சந்தையிலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். முருகேசன் கொஞ்சம் சங்கடப்பட்டு, "நீங்க எண்ண மட்டும் எழுதுங்கக்கா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

சரி என்று வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எண்ணை மட்டும் எழுதினேன். 653312. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை முருகேசன் கையெழுத்துப் போட்டார். வீம்புக்காகவே எண்ணைக் கொஞ்சம் பெரிசாக எழுதினேன். அவர் கண்ணில் படவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் ஓடு விலகி, கைநாட்டுத் தாள்களைக் கட்டி வைத்திருந்த சாக்குகள் நனைந்தன. பார்க்கும்போது குண்டூர் நாட்டுச் சாக்கு ரெண்டும் கறுத்து, தாளோடு தாள் ஒட்டிப் போயிருந்தது. பிரித்தால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, இதைக் கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள் என்றார். நான்தான் சுமந்துபோய்க் குப்பைக்குழியில் கொட்டினேன். சடையன் பெரியப்பன் கைநாட்டும் அதில்தான் போயிற்று.

தை மாசம் சடையன் பெரியப்பன் செத்துப் போனார். சாவுக்குப் போயிருந்தேன். நல்லம்மா அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"பெரியப்பன் சொன்னது உங்க பெட்டியில பத்திரமா இருக்குதுதானக்கா?"

"இருக்குது" என்றேன்.

5. மாசி மாசத்து வெள்ளிக்கிழமை

பங்குனிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வருகிற திங்கட்கிழமை குண்டூர் நாட்டுப் பட்டியலைப் பிரிண்ட் எடுக்கப் போவதாக முருகேசன் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் ஸ்விட்ச் போட்டேன்.

வரிகள் வரவில்லை. எண் வரவில்லை. திரை கறுப்பாக இருந்தது. ஹார்டு டிஸ்க்கின் சிவப்பு விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. எப்போதும் அது கண் சிமிட்டுகிற மாதிரி விட்டுவிட்டுத்தான் எரியும். அன்றைக்கு ஒரே பிடியாக எரிந்தது. உள்ளே சத்தம் நிற்காமல் ஓடிற்று. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் வயரைப் பிடித்து இழுத்திருப்பேன். தெரியாது.

முருகேசன் வந்து பார்த்தார். அணைத்துப் போட்டார், எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்தது, ஆனால் பதறவில்லை. வாரா வாரம் அவர் பட்டியலுக்கு நகல் எடுத்து வைத்த பேக்கப் ஃபிளாப்பி மூன்று இருந்தது. ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டாலும் அந்த ஃபிளாப்பியை வைத்தே மெஷினை எழுப்பலாம் என்று ஒவ்வொன்றையும் அதற்குத் தோதாகச் செய்து வைத்திருந்தார். அவ்வளவு முன்யோசனை உள்ள ஆள்.

முதல் ஃபிளாப்பியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். கர்ரென்று ஓடியது. எழுந்திருக்கவில்லை. இது கெட்டுவிட்டது போல என்று ரெண்டாவதைப் போட்டார்.

சனிக்கிழமைதோறும் பேக்கப் எடுக்கும்போது பக்கத்தில் இருந்து கூட்டியவள் நான். ஃபிளாப்பியில் இருந்து மெஷின் படிக்கிற சத்தம் ஒரு மாதிரி, ஃபிளாப்பியில் எழுதுகிற சத்தம் இன்னொரு மாதிரி. ரெண்டாவது ஃபிளாப்பி ஓடும்போது கேட்டது எழுதுகிற சத்தம். எழுப்பச் சொன்னால் எதற்கு எழுதுகிறது என்று எனக்குப் பட்டது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் எண்ணை மட்டும் எழுதுங்கள் என்று அவர் சொன்னதும், செயலாளர் புளியைக் கேட்டதும் அதோடேயே வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவதையும் போட்டார்.

6. நோட்டு

சனிக்கிழமை சர்வீஸ்காரர் வந்தார், மெமரியை அழுத்தி உட்கார வைத்துவிட்டுப் போன அதே ஆள். அவருடைய ஃபிளாப்பியைப் போட்டு மெஷினை எழுப்பினார். அந்த ஃபிளாப்பியின் மூலையில் இருந்த ஒரு சின்னத் தாழ்ப்பாளை நகர்த்திக் காட்டினார். இப்படி வைத்தால் படிக்கலாம், எழுத முடியாது என்றார். நம்முடைய மூன்றிலும் அது எழுதுகிற பக்கமே இருந்தது, வாரா வாரம் எழுத வேண்டும் என்பதால்.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வைரஸ் என்றார். ஹார்டு டிஸ்க்கிலும் ஒன்றும் இல்லை, மூன்று ஃபிளாப்பியிலும் ஒன்றும் இல்லை, எல்லாவற்றின் மேலும் குப்பையை எழுதி வைத்திருக்கிறது என்றார். குண்டூர் நாடு முழுக்கப் போயிற்று.

இது எப்படி ஆகும் என்று செயலாளர் கேட்டார். சர்வீஸ்காரர் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன், மறக்கவில்லை.

"மெஷின் எந்திரிக்கறப்ப அதுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, கொழந்த மாதிரி. ஃபிளாப்பி இருந்தா அதுல மொத எடத்துல என்ன இருக்குதோ அத அள்ளி மெமரில வெச்சுக்கும். நீ யாருன்னு கேக்காது. வேற மெஷினுல போட்டு எடுத்ததுல அங்க வைரஸ் ஒட்டியிருந்தா, மொத ஆளா அதுதான் உள்ள வரும். வந்ததும் மெமரியோட உச்சியில ரெண்டு கே, அதாவது ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு எடத்தப் புடிச்சு உக்காந்துக்கிட்டு, மொத்த மெமரி எவ்வளவுன்னு எழுதியிருக்கற எடத்துல அந்த ரெண்டு கே-வக் கழிச்சு எழுதி வெச்சுரும். பின்னாடி வந்து மெஷின ஓட்டற டாஸ் அந்தக் கணக்க அப்புடியே நம்பும். திருப்பி அளந்து பாக்காது. அது உக்காந்திருக்கற எடத்துப் பக்கமே போவாது. அப்பறம் ஹார்டு டிஸ்க்லயும் போடற ஃபிளாப்பியிலயும் தன்னப் பதிச்சுக்கிட்டு, வருசத்துல ஒரு நாளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். நேத்துத்தான் அந்த நாளு. அன்னைக்கு எதுல இருந்து மெஷின எழுப்புறமோ அத அழிச்சுரும்."

படிக்கு அடியில் புளி. நான் சொன்னதுதான். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

இது முன்னாடியே தெரிந்திருக்கும், மெமரி எண் குறைந்திருக்குமே, யாரும் பார்க்கவில்லையா என்று சர்வீஸ்காரர் கேட்டார். நான் போய் நோட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். அந்த நிமிசத்திலும்.

அவர் பின்னால் இருந்து முன்னால் புரட்டிக்கொண்டே போனார். ஐந்து மாசம். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"யாருங்க இத எழுதுனது?"

"நான்தானுங்க."

"அருமையா எழுதியிருக்கறீங்க. பூச அன்னைக்கு வரைக்கும் சரியா இருக்குது. பூசைக்கு மக்யா நா, விஜயதசமில இருந்து கொறையுது. அன்னைக்குக் காலையில மெஷினுக்குள்ள ஃபிளாப்பி ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

செயலாளர் பார்த்தார். முருகேசன் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

சர்வீஸ்காரர் நோட்டை முருகேசன் பக்கம் திருப்பினார். வாரத்துக்கு ஒன்றாக, குறைந்த எண்ணுக்குக் கீழே எல்லாம் முருகேசன் கையெழுத்து.

அந்த மாசத்தோடு முருகேசனை நிறுத்திவிட்டார்கள். போகிற அன்றைக்குப் பெட்டியில் இருந்த பல்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்க சொன்னீங்கக்கா. நாந்தான் கேக்கல. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பாத்துப் போயிட்டு வாங்க தம்பி" என்றேன். டவுனில் ஒரு கோழிப்பண்ணையில் தீவனம் நிறுக்கிற வேலைக்குப் போனதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

7. விசாரணை

அதிகாரி வருவதற்கு இருந்த நாளில் ஆபீசு ஆட்கள் குண்டூர் நாட்டில் மறுபடி ஓடினார்கள். சாட்சி உயிரோடு இருந்தவர்களின் கொல்லைக்குப் புதுசாகத் தாள் எழுதினார்கள். பலருக்கு அதில் தப்பித்தது. நல்லம்மா கொல்லைக்கு மேற்கே ஓடை, கிழக்கே பாறை, தெற்கே சடையன் பெரியப்பன் கொல்லை, வடக்கே அந்தக் கீழ்நாட்டுக்காரர். பெரியப்பன் மகன்கள் கீழே மில் வேலைக்குப் போய் வருசம் ஆயிற்று, எல்லை தெரியாது. வேறு யாரும் கீழ்நாட்டுக்காரருக்கு எதிராக வாய் திறக்கத் தயாராக இல்லை.

விசாரணை கோயில் முன்னால் மரத்தடியில். கீழ்நாட்டுக்காரர் காகிதத்தை நீட்டினார். அதிகாரி படித்துவிட்டு நல்லம்மாவைப் பார்த்தார். கடுமையான ஆள் இல்லை.

"ஏம்மா, உங்க பக்கம் எழுத்துல ஏதாச்சும் இருக்குதா?"

"இருக்குதுங்க" என்றாள் நல்லம்மா.

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மெஷின் கெட்டுவிட்டது என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். கெட்டால் ரிப்பேர் பார்ப்பார்கள் இல்லையா, பம்புசெட்டைப் பார்க்கிற மாதிரி. அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். உள்ளே இருந்தது போய்விட்டது என்பதை நான் விளக்கிச் சொல்லவில்லை.

"சடையன் பெரியப்பன் சொன்னது ஆபீசுப் பெட்டியில இருக்குதுங்க. எங்கக்கா தெனமும் எண்ணிப் பாக்கறவங்க. ஒண்ணும் கொறையாதுன்னு சொல்லியிருக்கறாங்க. அவங்களக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர்தான் எழுந்து, பதிவு அழிந்துவிட்டதை இங்கிலீசில் அதிகாரிக்குச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

நல்லம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அடுத்த ஆள் வந்து, தள்ளி நில்லுங்க என்று சொன்ன பிறகு தள்ளி நின்றாள்.

8. ஏணி

ஆபீசு அப்புறம் ரெண்டு வருசம்தான் நடந்தது. என்னை வழியனுப்பிய அன்றைக்கு மாலை போட்டு, ஒருநாள் தவறாமல் நோட்டு எழுதியவர் என்று செயலாளர் பேசினார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருசம் மிளகுப் பறிப்புக் காலத்தில் குண்டூர் பக்கம் போனேன். நல்லம்மா அவளுடைய கொல்லையிலேயே மிளகு பறித்துக்கொண்டிருந்தாள், கீழ்நாட்டுக்காரருக்குக் கூலிக்கு. ஒற்றை மூங்கில் ஏணியைக் கொடியில் சாய்த்து மேலே நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் துணிப்பை. நான் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வெறும் வாய், ஃபிளாப்பி, எடுத்துத் துடைத்து வைத்தது, தெரியாதுங்க என்றது. ஒன்றையும் விடவில்லை. ஒரு கொடி பறித்து முடிக்கிற நேரம் ஆயிற்று.

அவள் கை நிற்கவில்லை.

"படிய வெறுமனே வெக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீதான்" என்றாள்.

கீழே சிந்திக் கிடந்த மிளகைப் பொறுக்கினேன்.

"அதுக்கு உம்மேல எனக்குக் கோவம் இல்லக்கா. யாரா இருந்தாலும் வெச்சிருப்போம். அன்னைக்கே அந்த முருகேசன் காதுல ஒரு வார்த்த போட்டிருந்தீன்னா?"

"கேலி பண்ணுவாங்கன்னு இருந்துட்டேன்."

அவள் மேலே இருந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏணி ஆடுது. புடி" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் வரைக்கும் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. என் வீட்டுக்கும் வரவில்லை.

இப்போது மலையில் ஆபீசுக்கு ஆபீசு கம்ப்யூட்டர். பஸ் வருவதற்குள் கதவைத் திறந்து ஸ்விட்ச் போடுகிறவள் இன்றைக்கும் என்னை மாதிரி ஒருத்திதான். அவளுக்காகத்தான் எழுத்துக் கூட்டி இதை எழுதினேன். இந்தக்கால மெஷின்கள் வருகிற ஆளை யாரென்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகின்றன என்கிறார்கள். இருக்கட்டும். நீ நோட்டில் ரெண்டு கட்டம் போடு. ஒன்றில் மெஷின் காட்டியதை எழுது. பக்கத்தில் உன் கை செய்ததை எழுது, சிரித்தாலும் சிரிக்கட்டும். என் நோட்டில் முதல் கட்டம் மட்டும்தான் இருந்தது. அதை நான் ஒரு நாள்கூடத் தப்பாக எழுதவில்லை.